ராஜதம்னேர்ன் அரங்கில் முதல் முவாய் தாய் இரவு: டிக்கெட் எடுப்பதிலிருந்து அறைக்குத் திரும்புவது வரை

பாங்காக்கில் முவாய் தாய் என்ற தாய்லாந்துக் குத்துச்சண்டை பார்க்க நான் இரண்டு முறை போனேன். முதல் முறை தங்கியிருந்த விடுதியின் முன்மேசையில் சொல்லி வைத்தேன். டிக்கெட், வண்டி எல்லாம் சேர்த்து 3,200 பாட் வாங்கினார்கள். ஆறரைக்கு வர வேண்டிய வண்டி ஏழே முக்காலுக்கு வந்தது. உள்ளே போய் உட்கார்ந்தபோது நான்கு சண்டைகள் முடிந்திருந்தன. முன்னால் ஒளிபரப்புக் கேமரா. யார் ஜெயிக்கிறார்கள், ஏன் கூட்டம் திடீரென்று எழுந்து கத்துகிறது, ஒன்றும் விளங்காமல் திரும்பி வந்தேன். அடுத்த ஆண்டு எல்லாவற்றையும் நானே பார்த்துச் செய்தேன். குறைந்த செலவில், அதே அரங்கில், முற்றிலும் வேறொரு இரவு கிடைத்தது. அந்த இரண்டாவது இரவு உங்களுக்கு முதல் தடவையிலேயே கிடைக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விலைகள் நான் போனபோது இருந்தவை. அப்போது ஒரு பாட்டுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் ரூபாய்.

1. எந்த அரங்கம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பாங்காக்கில் பெயர் பெற்ற அரங்கங்கள் இரண்டு: ராஜதம்னேர்ன், லும்பினி. இந்த இடத்திலேயே பலர் வழுக்கி விழுகிறார்கள்.

லும்பினி அரங்கம் 1956 முதல் ராமா நான்காம் சாலையில், லும்பினி பூங்காவுக்குப் பக்கத்தில் இருந்தது. 2014 பிப்ரவரியில் அதை மூடிவிட்டு, ஊரின் வடக்கே ராம் இந்த்ரா சாலைக்கு மாற்றிவிட்டார்கள். பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு "லும்பினி" என்ற மெட்ரோ நிலையத்தில் இறங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அங்கே பூங்கா இருக்கிறது, அரங்கம் இல்லை. அங்கிருந்து புதிய இடத்துக்குப் போக, மாலை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். பூங்காவுக்குப் பக்கத்தில் அறை போட்டுவிட்டு "நடந்தே போய்விடலாம்" என்று இருந்துவிடாதீர்கள்.

ராஜதம்னேர்ன் அப்படியே பழைய இடத்தில் நிற்கிறது. 1945 டிசம்பர் 23 அன்று திறந்தார்கள். அப்போது மேலே கூரைகூடக் கிடையாது, 1951-இல்தான் போட்டார்கள். ராஜதம்னேர்ன் நோக் சாலையில், ஐ.நா. கட்டடத்துக்கு அருகில், வெளிநாட்டுப் பயணிகள் நிறையத் தங்கும் காவ் சான் தெருவிலிருந்து இருபது நிமிட நடையில் இருக்கிறது. பழைய பாங்காக்கில் தங்குகிறவர்களுக்கு இதுவே வசதி. முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதைத்தான்.

2. எந்த நாள் என்பது அதைவிட முக்கியம்

ராஜதம்னேர்னில் இப்போது வாரம் முழுக்கச் சண்டை நடக்கிறது. ஆனால் எல்லா இரவும் ஒன்றல்ல. வாரத்தின் நாட்களை வெவ்வேறு புரமோட்டர்கள் நடத்துகிறார்கள்.

சனிக்கிழமை நடப்பது 2022-இல் தொடங்கிய ராஜதம்னேர்ன் வேர்ல்ட் சீரிஸ். ஒளியும் திரையும் அறிவிப்புமாகப் பெரிய நிகழ்ச்சி. பெரும்பாலும் மூன்று சுற்றுதான். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நடுவர்களின் புள்ளியைத் திரையில் காட்டிவிடுவார்கள். ஆகவே யார் முன்னிலை என்று புரியாமல் திணற வேண்டியதில்லை. வெளிநாட்டு வீரர்களும் நிறைய வருவார்கள்.

வார நாட்களில் பழைய முறை இரவுகள் உண்டு. அவற்றில் ஐந்து சுற்று, சுற்றுக்கு மூன்று நிமிடம், நடுவே இரண்டு நிமிட ஓய்வு. பார்வையாளரில் தாய்லாந்துக்காரர்களே அதிகம், பந்தயக்காரர்கள் கூட்டமாக வந்து நிற்பார்கள். என் மனசுக்குப் பிடித்தது இதுதான். குழந்தைகளோடு போகிறீர்கள், கொஞ்சம் கொண்டாட்டமாக இருக்க வேண்டும் என்றால் சனிக்கிழமை போங்கள். இந்தக் கலை அதன் சொந்தக்காரர்களிடம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டால், அரங்கத்தின் அட்டவணையில் ஐந்து சுற்றுச் சண்டை என்று போட்டிருக்கும் நாளைத் தேடுங்கள். நாள் இருந்தால் இரண்டையும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஏப்ரல் நடுவில், ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும் சொங்க்ரான் பண்டிகை நாட்களில் அந்தச் சுற்றுவட்டாரமே தண்ணீரும் கூட்டமுமாக இருக்கும். அரச விழாக்களுக்கும் ஊர்வலங்களுக்கும் ராஜதம்னேர்ன் சாலையை மூடுவதும் உண்டு. விமான டிக்கெட் போட்ட பிறகு அட்டவணை பார்ப்பதைவிட, அட்டவணை பார்த்துவிட்டு விமான டிக்கெட் போடுவது நல்லது.

3. பயணத் தாள்கள்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு 2023 நவம்பரிலிருந்து சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை என்று ஆக்கினார்கள். 2024 ஜூலையில் அதை 60 நாள் ஆக்கினார்கள். இலங்கைக் கடவுச்சீட்டையும் அதே பட்டியலில் சேர்த்தார்கள். இந்த விதி அடிக்கடி மாறுகிறது. பணம் கட்டுவதற்கு முன் தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள், நான் சொன்னேன் என்று இருந்துவிடாதீர்கள்.

விமான நிலையத்தில் கையில் இருக்க வேண்டியவை: ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, திரும்பும் டிக்கெட்டின் அச்சுப்படி, தங்கும் இடத்தின் பதிவு, அப்புறம் ஆளுக்கு 20,000 பாட் மதிப்புக்குப் பணம். பணத்தை என்னிடம் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றவரிடம் கேட்டார்கள்.

2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். இறங்குவதற்கு மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணமே கிடையாது. தேடுபொறியில் தட்டினால் முதலில் வரும் சில தளங்கள் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும். அரசுத் தளத்தின் முகவரி குடிவரவுத் துறையின் பெயரோடு "கோ டாட் டிஹெச்" என்று முடியும். வங்கி அட்டை விவரம் கேட்டாலே பக்கத்தை மூடிவிடுங்கள். நிரப்பி முடித்ததும் வரும் கியூ.ஆர். குறியைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், இறங்கியதும் விமான நிலைய வைஃபை சண்டித்தனம் செய்யலாம்.

அரங்கத்துக்குள் போக எந்தத் தாளும் வேண்டாம். டிக்கெட் போதும். ஆனாலும் இணையத்தில் எடுத்த டிக்கெட்டில் இருக்கும் பெயரும் கடவுச்சீட்டுப் பெயரும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நமக்குத் தகப்பன் பெயர் முன்னால் வருவதா பின்னால் வருவதா என்ற குழப்பம் எப்போதும் உண்டு.

4. டிக்கெட் வாங்குவது

வழி மூன்று. அரங்கத்தின் சொந்த இணையதளம், அரங்கத்தின் டிக்கெட் சன்னல், இடைத்தரகர். முதல் இரண்டும் சரி. மூன்றாவது வேண்டாம்.

சாதாரண வார நாளென்றால் சன்னலிலேயே கிடைத்துவிடும். சனிக்கிழமைக்கும், பட்டத்துக்கான சண்டை உள்ள நாளுக்கும் இரண்டு மூன்று நாள் முன்பாக இணையத்தில் எடுத்துவிடுங்கள். வெளிநாட்டினருக்கு ஒரு விலை, உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, அது அங்கே வெளிப்படையான நடைமுறை.

நீங்கள் வண்டியை விட்டு இறங்கியதும், கழுத்தில் அட்டை தொங்க, நல்ல ஆங்கிலம் பேசிக்கொண்டு யாராவது வந்து வழிகாட்டுவார். அன்றைய சண்டைப் பட்டியலைக் கையில் கொடுத்து, "மேலே உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது, ரிங் ஓரம்தான் நல்லது" என்பார். அது விலை கூடிய இருக்கை. சிரித்த முகத்தோடு நன்றி சொல்லிவிட்டு நேராகச் சன்னலுக்குப் போங்கள். விலைப்பட்டியலை நீங்களே வாசித்து, வேண்டிய வகுப்பை நீங்களே சொல்லி வாங்குங்கள்.

5. எங்கே உட்காருவது

வட்டமான அரங்கம். நடுவில் ரிங். அதை ஒட்டி ரிங்சைடு நாற்காலிகள், பின்னால் படிப்படியாக உயரும் வரிசைகள். நான் போனபோது ரிங்சைடு 2,500 பாட்டிலிருந்து தொடங்கியது. நான் எடுத்த நடு வரிசை 1,500.

ரிங்சைடில் வியர்வைத் துளி தெறிப்பதுகூடத் தெரியும். உதை விழும் சத்தம் வயிற்றில் கேட்கும். ஆனால் கயிறும், மூலையில் நிற்கும் ஆட்களும், கேமராவும் அடிக்கடி மறைக்கும். இருவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முழங்கால் முட்டியால் இடிக்கும்போது, கீழிருந்து பார்க்கிறவருக்கு முதுகுதான் தெரியும். நடு வரிசையில் கொஞ்சம் உயரத்தில் உட்கார்ந்தால் கால்களின் நகர்வு முழுவதும் தெரியும். பந்தயக்காரர்கள் கூட்டத்தையும் பார்க்கலாம். முதல் தடவைக்கு நடு வரிசையே நல்லது, காசும் மிச்சம்.

6. போய்ச் சேர்வது

அரங்கத்துக்குப் பக்கத்தில் மெட்ரோ கிடையாது. சியாம், பிரதுநாம் பக்கம் தங்கியிருந்தால் சாலையை நம்பாதீர்கள். சேன் சேப் கால்வாய்ப் படகில் ஏறி, மேற்கே கடைசித் துறையான பான் ஃபா லீலாட்டில் இறங்குங்கள். கட்டணம் 20 பாட்டை ஒட்டித்தான் வரும். துறையில் இறங்கியதும் பொன்மலைக் கோவிலின் தங்கக் கோபுரம் கண்ணில் படும். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிட நடை. எதிரே ஒரு படகு கடந்தால் தண்ணீர் மேலே அடிக்கும், ஓரத்தில் உட்காருகிறவர் கயிற்றை இழுத்துப் பக்கத்துத் தார்பாயைத் தூக்கிவிட வேண்டும். உள்ளூர்ப் பெண்கள் பையை மடியில் வைத்துக்கொண்டே அதைச் செய்வார்கள், பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். இரவு திரும்பும்போது படகு இருக்காது, அதை நினைவில் வையுங்கள்.

டாக்சியென்றால் மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். "மீட்டர்" என்று சொன்னதும் தலையாட்டி மறுக்கிறவர் வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள், அல்லது கிராப், போல்ட் செயலியில் கூப்பிடுங்கள். நாம் எழுத்துக் கூட்டிச் சொல்லும் "ராஜதம்னேர்ன்" ஓட்டுநருக்குப் பெரும்பாலும் புரியாது. அவர்கள் வாயில் அது "ராட்சதம்னேன்". "சனாம் முவாய் ராட்சதம்னேன்" என்று சொல்லுங்கள். சனாம் முவாய் என்றால் குத்துச்சண்டை அரங்கம். அதைச் சேர்க்காவிட்டால் நீளமான அந்தச் சாலையில் எங்காவது இறக்கிவிடுவார். தாய் எழுத்தில் உள்ள பெயரை வரைபடத்திலிருந்து படம் பிடித்து வைத்துக் காட்டுவது இன்னும் நல்லது.

7. ஐந்தரைக்கே அங்கே இருங்கள்

சண்டைகள் மாலை ஏழு மணியை ஒட்டித் தொடங்குகின்றன. முன்கூட்டியே போகச் சொல்வதற்கு முதல் காரணம் சாப்பாடு. அரங்கத்தை ஒட்டிய சந்தில் கோழியைக் கரி நெருப்பில் சுடுகிற பழைய கடைகள் இருக்கின்றன. சுட்ட கோழி, கையால் உருட்டிச் சாப்பிடும் பசைச்சோறு, பப்பாளிக்காயை உரலில் இடித்த சொம் தாம். இது வடகிழக்கு இசான் பகுதிச் சாப்பாடு. ரிங்கில் இறங்கும் பையன்களில் பெரும்பாலோர் அந்த ஊர்ப்பக்கத்திலிருந்து வருகிறவர்கள்தான், ஆகவே அரங்கத்தைச் சுற்றி இந்த வாசம் வீசுவதில் ஆச்சரியமில்லை. சொம் தாமில் உலர்ந்த இறாலும் மீன் சாறும் இருக்கும். சைவர்கள் "ஜே" என்று சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் வரும் வழியிலேயே சாப்பிட்டுவிடுவது நிம்மதி. இருவருக்கு 350 பாட் ஆனது.

இரண்டாவது காரணம், முதல் சண்டையின் சடங்கு. அதைத் தவறவிட்டால் பாதி போச்சு.

பணம் எடுப்பதையும் இதற்கு முன்பே முடித்துவிடுங்கள். வெளிநாட்டு அட்டைக்கு அங்குள்ள ஏ.டி.எம். ஒவ்வொரு தடவையும் 220 பாட்டுக்குக் குறையாமல் பிடித்துக்கொள்கிறது. சிறிது சிறிதாக எடுக்காமல் ஒரே தடவையில் எடுங்கள்.

8. வாய் க்ரூ: இதைப் பார்க்காமல் பையைத் துழாவாதீர்கள்

தாய் மொழியில் "வாய்" என்றால் கைகூப்பி வணங்குவது. "க்ரூ" நம்முடைய குருதான். ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் வீரர் தன் குருவை வணங்கி ஆடுகிறார். மூன்று நான்கு நிமிடம் எடுக்கும். வெளிநாட்டுக் கூட்டத்தில் பலர் அந்த நேரத்தில்தான் பீர் வாங்கப் போகிறார்கள்.

அன்று நான் பார்த்த ஒரு பையனுக்குப் பதினேழு வயதுக்கு மேல் இருக்காது. கயிற்றின் மேலே காலைத் தூக்கிப் போட்டு உள்ளே இறங்கினான். ஆண்கள் மேல் கயிற்றைத் தாண்டித்தான் இறங்க வேண்டும் என்பது வழக்கம். தலையில் வளையம் போல ஒன்று, அதன் பெயர் மொங்கொன். மங்கலம் என்ற சொல்லிலிருந்து வந்தது. இரண்டு புஜத்திலும் பிராசியத் என்ற துணிக்கயிறு. கழுத்தில் பூமாலை. கையுறையைக் கயிற்றின் மேல் வைத்தபடி ரிங்கின் நான்கு பக்கமும் சுற்றி வந்து, ஒவ்வொரு மூலையிலும் தலை குனிந்தான். பிறகு நடுவில் முட்டி போட்டு, நெற்றி தரையைத் தொட மூன்று தடவை வணங்கினான். எழுந்து, ஒரு காலை உயர்த்தி, கைகளைச் சக்கரம் போலச் சுழற்றி மெல்ல ஆடினான். அந்த ஆட்டத்துக்கு ராம் முவாய் என்று பெயர். பயிற்சிக் கூடத்துக்குக் கூடம் அசைவு மாறும். ஆடுகிற விதத்தை வைத்தே எந்தக் கூடத்துப் பையன் என்று சொல்லிவிடுகிற பெரியவர்கள் அங்கே உண்டு. முடிந்ததும் மூலைக்குப் போய்த் தலையைக் குனிந்தான். வயதான பயிற்சியாளர் மொங்கொனை இரண்டு கையாலும் பிடித்து, உதடு அசைய ஏதோ முணுமுணுத்து, பையனின் உச்சியில் ஊதிவிட்டுக் கழற்றினார். பையன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பிராசியத் மட்டும் சண்டை முடியும் வரை கையிலேயே இருக்கும்.

இதற்கெல்லாம் ஒலிக்கும் இசை ஒலிப்பதிவு அல்ல, அங்கேயே உட்கார்ந்து வாசிக்கிறார்கள். சீவாளி வைத்து ஊதும் பீ சவா, ஒரு சோடி நீள மத்தளம், நம் தாளம் போன்ற சிறு கைத்தாளம். மத்தளத்தின் பெயர் க்ளோங் கேக். கேக் என்பது இந்தியா, மலாய் பக்கத்திலிருந்து வந்தவர்களைக் குறிக்க அவர்கள் புழங்கும் சொல். பாங்காக் சீலோம் பகுதியில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோவிலையும் ஊர்க்காரர்கள் "வாட் கேக்" என்றுதான் சொல்வார்கள். வாய் க்ரூவில் நிதானமாக ஒலிக்கும் இசை சண்டை சூடேறும்போது வேகமெடுக்கும். வாசிப்பவர்கள் ரிங்கைப் பார்த்துக்கொண்டே வாசிப்பதைக் கவனியுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அரச கீதம் ஒலித்தால் எழுந்து நில்லுங்கள். ஃபிளாஷ் போடாதீர்கள். ரிங்கின் விளிம்பில் கை வைத்துச் சாய்ந்து படம் எடுக்காதீர்கள், அது அவர்களுக்கு வழிபட்டுத் திறந்த இடம். பெண்கள் ரிங்கைத் தொடவே கூடாது என்று நெடுங்காலம் தடை இருந்தது. 2021-இல் லும்பினியில் பெண்கள் சண்டையிட இறங்கினார்கள். இப்போது ராஜதம்னேர்னிலும் பெண்கள் சண்டை நடக்கிறது. நான் பார்த்த அன்றும் ஒன்று இருந்தது, கூட்டம் ஆண்கள் சண்டைக்குக் கத்தியது போலவே கத்தியது.

9. ஐந்து சுற்றை எப்படிப் பார்ப்பது

முதல் இரண்டு சுற்று மெதுவாகப் போகும். காலைத் தட்டிப் பார்ப்பார்கள், தூரம் அளப்பார்கள். எனக்குப் பின்னால் இருந்த ஒருவர் "இது முன்கூட்டியே பேசி வைத்த சண்டை" என்று எழுந்து போனார். அவர் போனதும் மூன்றாம் சுற்று தொடங்கியது. அவருக்காக இன்றும் வருத்தப்படுகிறேன். மூன்றும் நான்கும்தான் உயிர். பந்தயம் உச்சத்துக்குப் போவதும் அப்போதுதான், அடி விழுவதும் அப்போதுதான். ஐந்தாவதில் முன்னிலையில் இருப்பவர் பின்வாங்கி, காலால் தள்ளித் தூரத்தில் நிறுத்திவிட்டு நேரத்தை ஓட்டுவார். சில சமயம் இருவரும் கையுறையைத் தட்டிக்கொண்டு சும்மா நிற்பார்கள். முடிவு தெரிந்துவிட்டது, இனி காயம் எதற்கு என்ற கணக்கு. அடுத்த மாதம் மறுபடி இறங்க வேண்டிய உடம்பு அது.

புள்ளி எண்ணும்போது மேலை நாட்டுக் குத்துச்சண்டையை மனத்தில் வைத்திருந்தால் தப்பாகிவிடும். கைக்குத்து எதிராளியை அசைத்தால் ஒழிய அதற்குப் பெரிய மதிப்பில்லை. விலாவில் சுத்தமாக விழும் உதைக்கும் முட்டி இடிக்கும் மதிப்பு அதிகம். அதைவிட, அடித்த பிறகு யார் நிலைகுலையாமல் நிற்கிறார் என்று பார்க்கிறார்கள். அடி வாங்கியவர் முகம் மாறினால் நட்டம், ஒன்றுமே நடக்காதது போல நின்றால் லாபம். நான்கு சொற்கள் தெரிந்தால் கூட்டத்தோடு சேர்ந்துவிடலாம்: மாட் என்றால் குத்து, தே என்றால் உதை, காவ் என்றால் முட்டி, சோக் என்றால் முழங்கை. முட்டி தொடர்ந்து விழும்போது அரங்கமே ஒவ்வோர் இடிக்கும் ஒரே குரலில் கத்தும்.

ஓய்வு இரண்டு நிமிடத்தில் மூலையைப் பாருங்கள். பெரிய உலோகத் தட்டைத் தரையில் வைத்து அதில் நாற்காலி போட்டு வீரரை உட்கார வைக்கிறார்கள், ஊற்றும் தண்ணீர் ரிங்கில் வழியாமல் இருக்க. ஒருவர் தொடையைப் பிசைவார், ஒருவர் வயிற்றைத் தூக்கி மூச்சு விடச் செய்வார். பிசையும் தைலத்தின் வாசம் கீழ் வரிசை வரை வரும்.

ஒரு முழுச் சண்டைக்குச் சடங்கும் சேர்த்து அரை மணி நேரம். பழைய முறை இரவுகளில் முக்கியச் சண்டை கடைசியில் வருவதில்லை, அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு சிறு சண்டைகள் உண்டு. "கடைசியில் வரும் பெரிய சண்டைக்குப் போகலாம்" என்று தாமதமாகக் கிளம்பினால் அது முடிந்திருக்கும். பட்டியலை வாங்கி எது முக்கியச் சண்டை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் சண்டைகளில் பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள் இறங்குவார்கள். அந்தக் காசு வீட்டுக்குப் போகிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பார்க்க மனம் ஒப்பாதவர்கள் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். எனக்கும் முதல் சண்டையில் மனசு கலங்கியது.

10. பந்தயக்காரர்கள்

ஒரு பக்க வரிசையில் யாரும் உட்கார மாட்டார்கள். விரல்களைக் காட்டி "தேங்! தேங்!" என்றும் "நாம் ஙன்!" என்றும் கூவுவார்கள். சிவப்பு மூலை, நீல மூலை. விகிதம், தொகை எல்லாமே விரல் சைகைதான். தாளோ எழுத்தோ கிடையாது, முகத்தை வைத்து நினைவில் வைத்துக் கடைசியில் தீர்க்கிறார்கள்.

பாருங்கள், ஆனால் சேராதீர்கள். அந்தப் பக்கம் நின்று நண்பரை அழைக்கக் கையை உயர்த்துவதுகூட வேண்டாம். "கொஞ்சம் போட்டுப் பாருங்கள்" என்று பக்கத்தில் வந்து உட்காரும் அன்பான மனிதருக்கும் தலையாட்ட வேண்டாம். பந்தய விகிதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாலே நடுவர்களின் கணக்கு ஓரளவு பிடிபடும். மூன்றாம் சுற்றில் கூச்சல் ஒரு நிறத்திலிருந்து மறு நிறத்துக்குத் தாவுகிற நொடியைத்தான் சொல்கிறேன். அதன் பிறகு அரை நிமிடம் ரிங்கைப் பாருங்கள், என்ன மாறியது என்று கண்ணுக்குத் தெரியும்.

11. மொத்தச் செலவு

ஒருவருக்கு எனக்கு ஆனது: நடு வரிசை டிக்கெட் 1,500, படகு 20, சாப்பாடு 175, தண்ணீரும் சில்லறையும் 80, திரும்பும் வண்டி 160. மொத்தம் 1,935 பாட். முதல் தடவை விடுதி மூலம் போனபோது டிக்கெட்டுக்கும் வண்டிக்குமே 3,200.

12. திரும்புவது

பத்து மணி வாக்கில் முடியும். வாசலில் வரிசையாக நிற்கும் துக்-துக்குகள் ஆயிரம் பாட் கேட்டுத் தொடங்கும். பேரம் பேசிக் களைக்காமல் ஐந்து நிமிடம் நடந்து பிரதான சாலையின் முனைக்கு வாருங்கள், செயலியில் வண்டி எளிதாகக் கிடைக்கும். அறை காவ் சான் பக்கமென்றால் நடந்தே போய்விடலாம். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பெரிய சாலையிலேயே போங்கள்.

கிளம்புவதற்கு முன் பக்கவாட்டு வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். சண்டையிட்ட பையன்கள் அந்த வழியாகத்தான் வருவார்கள். ரப்பர் செருப்பு, முழங்காலில் பனிக்கட்டிப் பை, புருவத்தில் தையல், கையில் பிளாஸ்டிக் உறையில் சோறு. நான் பார்த்த பதினேழு வயதுப் பையன் தோற்றிருந்தான். வேனுக்காகப் படியில் உட்கார்ந்திருந்தவன், நான் கைகூப்பியதும் எழுந்து நின்று, பதிலுக்குத் தலை குனிந்து கைகூப்பினான். படம் வேண்டுமென்றால் கேட்டுவிட்டு எடுங்கள், பெரும்பாலும் மறுப்பதில்லை. வேன் வந்துவிட்டால் நிறுத்தாதீர்கள். அவர்கள் ஊர்போய்ச் சேர விடிந்துவிடும்.